நாலு புள்ளி ஒன்று

அக்டோபர் 4, புதன்

ஹாஜா பாய் சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். தோப்புத்துறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். "ஓவர்கிளாக் பண்றதா இருந்தா ஒரு நோட்டு போடுங்கண்ணே. என்னிக்கு எந்த நம்பர மாத்துனோம், எவ்வளவு சூடு, என்ன ஆச்சுன்னு எழுதி வைங்க. இல்லன்னா எதனால எது கெட்டுச்சுன்னு பின்னாடி தெரியாது" என்றார்.

பிராசசரைச் செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக். என்னுடையதன் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். வீட்டின் முன்னறையில் இருக்கும் ஜெராக்ஸ், டைப்பிங் கடையின் கம்ப்யூட்டர்தான் அது. காலை பத்து மணிக்கு, வெளிநாட்டு வானிலை மையம் ஒன்று இலவசமாகத் தரும் தரவை இறக்கிக்கொள்வேன். வேதாரண்யம் பகுதியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, எங்கே எவ்வளவு மழை என்று கணக்குப் போட வைப்பேன். முடிய நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பிறகு 'வேதை மேகம்' என்ற என் ஃபேஸ்புக் பக்கத்தில் பதிவிடுவேன். பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். பாதிப்பேர் உப்பளத்துக்காரர்கள்.

நாகப்பட்டினத்தில் ரத்னவேல் என்பவர் 'கீழைக்காற்று' என்ற பக்கம் நடத்துகிறார். அவர் தினமும் சரியாக இரண்டு மணிக்குப் போட்டுவிடுகிறார். என்னுடையது இரண்டே முக்காலுக்கு வரும்போது எல்லோரும் அதைப் படித்து முடித்திருக்கிறார்கள். அவருக்காக நான் இதைச் செய்யவில்லை. உப்புக் குவியலை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் தெரிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

அக்டோபர் 5, வியாழன்

3.8. வோல்டேஜைத் தொடவில்லை. சூடு 71 டிகிரி. கணக்கு முடிய ஆன நேரம் 4.22, அதாவது 4 மணி 22 நிமிடம். முன்பு 4.35.

பதின்மூன்று நிமிடம் சும்மா கிடைத்திருக்கிறது.

அக்டோபர் 8, ஞாயிறு

4.0. வோல்டேஜ் 1.35.

பதினொன்றரைக்குத் திரை அப்படியே நின்றுவிட்டது. வீரசுந்தரி அக்காவின் விதவை உதவித்தொகை விண்ணப்பம் பாதி அடித்திருந்தேன், போய்விட்டது. அகஸ்தியம்பள்ளியில் கொஞ்சம் உப்பளம் குத்தகைக்கு வைத்திருப்பவர். மகளும் அவருமாகவே உப்பு வாருகிறார்கள். மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், கணவர் இறந்த தேதி உட்பட. "மிஷினுக்கு என்னா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கரண்டு ஏறி இறங்குகிறது என்றேன்.

அவர் போனதும் வோல்டேஜை 1.38க்கு ஏற்றினேன். அப்புறம் நிற்கவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

ஒன்றும் புரியவில்லை. 4.0இல் ஓட்டினால் 5 மணி 5 நிமிடம். பழைய வேகத்தைவிட மெதுவாக. வேகத்தைக் கூட்டினால் நேரம் எப்படிக் கூடும்? மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஹாஜா பாய் வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். மதர்போர்டில் பிராசசருக்குக் கரண்டு பிரித்துக் கொடுக்கும் சின்னக் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் பக்கம் விரலைக் கொண்டு போய்விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"விலை உசந்த போர்டுல இதுக்கு மேல அலுமினியக் கட்டி வச்சிருப்பான். உங்களுதுல மொட்டையா இருக்கு. பிராசசர் ஓடத் தயாரா இருக்குண்ணே, போர்டுக்குத்தான் தாங்கல. சூடு எல்லைய தாண்டுனதும் அதுவா வேகத்தக் கொறச்சிக்குது. நீங்க நாலுன்னு வச்சிருக்கீங்க, அது உள்ளுக்குள்ள ரெண்டு, ரெண்டரையில போய்க்கிட்டிருக்கு."

"அப்ப திரையில நாலுன்னுதானே காட்டுது?"

"நீங்க வச்சதக் காட்டுது."

உப்புக்காற்றில் போர்டின் ஓரம் பச்சை பூத்திருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் போனார். 3.8 போதும் என்றார்.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருந்த டேபிள் ஃபேனை எடுத்து, திறந்த மூடிக்கு நேராக வைத்தேன். என் மனைவி பூங்கோதை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

அக்டோபர் 11, புதன்

4.0. ஃபேனோடு. நேரம் 4.08. இரண்டே காலுக்குப் பதிவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு லைக்.

ரத்னவேல் இரண்டு மணி. எப்படிச் செய்கிறார் என்று தெரியவில்லை. பெரிய மெஷின் வைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 13, வெள்ளி

காலை ஓட்டத்தின் படங்களைச் சேமிக்க மறந்து அழித்துவிட்டேன். மதியத்துக்கு மேல் அதே தரவை மறுபடி ஓட்டினேன். காலையில் அகஸ்தியம்பள்ளிக்கு 14 மில்லிமீட்டர் என்று வந்தது. இப்போது 33. தரவும் அதே, கணக்கும் அதே. நான் எதையும் தொடவில்லை.

ஹாஜா பாய்க்குப் போன் செய்தேன். "ஒரே கணக்க ரெண்டு தடவ போட்டா ரெண்டு விடை எப்படிண்ணே வரும்? கரண்டு பத்தாம பிராசசர் எங்கயோ தப்பாக் கூட்டுது. நின்னு போச்சுன்னா நமக்குத் தெரியும். நிக்காம தப்பு பண்றதுதான் மோசம். எறக்குங்க."

வானிலை என்பதே நிச்சயமில்லாத ஒன்றுதான். இருந்தாலும் 3.9க்கு இறக்கிவிட்டேன். மெஷின் தாங்குகிறதா என்று பார்க்கும் பத்து நிமிடச் சோதனை ஓட்டினேன். தேறியது.

மறுநாள் சேர்த்தது: பெய்தது 16. ஆக, முதலில் வந்தது சரி.

அக்டோபர் 16, திங்கள்

திருமேனி மச்சான் வந்தார், பூங்கோதையின் அண்ணன். குத்தகை உப்பளம் வைத்திருக்கிறார், பத்துப் பன்னிரண்டு ஆள் வேலை செய்யும் இடம். கொடுவா மீன் கொண்டுவந்தார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"மாப்ள, இந்த வாரம் பூரா காய்ஞ்சா இன்னும் ஒரு தடவ வாரிடலாம். போன வருசம் அந்த நாகப்பட்டினத்தான் பேச்சக் கேட்டு முன்னாடியே மூடிட்டேன். இந்தத் தடவ நீ சொல்றதுதான்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

போன வருடம் அவர் ரத்னவேலைக் கேட்டது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதனால் ஒன்றுமில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

3.9. நேரம் 4.16. பதிவிடவில்லை. ரத்னவேல் இரண்டு மணிக்கே வியாழக்கிழமை கனமழை என்று போட்டுவிட்டார். வானொலியிலும் அதையே சொன்னார்கள். அதையே நானும் சொல்வதற்கு ஒரு பக்கம் எதற்கு?

கொலுவுக்குச் சுண்டல். கடைப் பலகையில் டோனர் கொட்டி, துடைக்கத் துடைக்கப் பரவியது.

அக்டோபர் 18, புதன்

4.1. வோல்டேஜ் 1.42. பத்து நிமிடச் சோதனை தேறியது. சூடு 88.

மதியம் 1.52க்கு முடிந்தது. முதல் முறையாக இரண்டு மணிக்குள். வியாழன் அகஸ்தியம்பள்ளி 7 மில்லிமீட்டர். வடக்கே நாகப்பட்டினத்துக்கு மேல்தான் மழை, நம் பக்கம் தூறல்.

பூங்கோதை தோளுக்குப் பின்னால் வந்து மழைப் படத்தைப் பார்த்தாள். கனமழை என்றால் அதில் சிவப்பு. "நேத்து நம்ம பக்கம் பூரா செவப்பா இருந்துச்சே?"

"அது நேத்துத் தரவு. இது புதுசு."

"அதுக்குள்ள இவ்வளவு மாறுமா?"

மாறும் என்றேன். மாறக்கூடியதுதான்.

1.58க்குப் பதிவிட்டேன். 'தெற்கே தூறல் மட்டும். உப்பளங்களில் இன்னும் இரண்டு நாள் வாரலாம். கீற்று போட அவசரமில்லை.' ரத்னவேல் இரண்டு மணிக்கு மறுபடி கனமழை என்றார். ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் சொல்வது நடக்கும் என்று கேட்டிருந்தார். நானூறு கருத்துகள்.

மச்சானுக்கும் இதுதானே வேண்டியிருந்தது.

அக்டோபர் 19, வியாழன்

காலை ஆறே காலுக்கு மழை தொடங்கியது. பதினொன்று வரை விடவில்லை. 94 மில்லிமீட்டர்.

அக்டோபர் 19, மாலை

மச்சானுக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்தேன். அவரும் கூப்பிடவில்லை.

94 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தரவு தவறா, என் கட்டங்கள் தவறா, மெஷினா?

அக்டோபர் 20, வெள்ளி

வேகத்தை மாற்றும் பயாஸ் பக்கத்தில் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். 3.6. ஃபேனை ஜெராக்ஸ் பக்கம் திருப்பினேன். புதன்கிழமைத் தரவை மறுபடி ஓட்டினேன். 81.

நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. 81. கடைசி எண் வரை அதேதான்.

ஆக, தரவு சரி. கட்டங்கள் சரி. புதன்கிழமை மெஷின் தவறாகக் கூட்டியிருக்கிறது. ஆனால் மெஷின் என்று எழுதும்போது எனக்கே இடிக்கிறது. 4.1 என்று வைத்தது மெஷின் இல்லை.

இது யாருக்கும் தெரியாது. பக்கத்தில், 'இயற்கையை யார் கணிக்க முடியும், வருந்தாதீர்கள் ஐயா' என்று பலர் ஆறுதல் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஏன் நன்றாக இருந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 21, சனி

வீரசுந்தரி அக்கா வந்தார். புடவை ஓரமெல்லாம் காய்ந்த சேறு. மகள் வெளியே நின்றாள்.

"வட்டாட்சியருக்கு ஒரு மனு அடிக்கணும் தம்பி. உப்பு போயிடுச்சு."

"எவ்வளவுக்கா?"

"மூணு குவியல். இந்த வருசத்து உப்பு பூரா. ஒண்ணு இடுப்பு உயரத்துக்குக் கிடந்துச்சு. காலையில போய்ப் பாத்தா வெள்ளத் துணிய நனைச்சு விரிச்ச மாரி கெடக்கு."

நான் அடிக்கத் தொடங்கினேன். அவர் நின்றுகொண்டே சொன்னார். "மழ வராதுன்னு சொன்னாங்க. அதனால மூடல. அப்படி எழுதுங்க."

யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை, சாதாரணமாகத்தான் பார்த்தார். பூங்கோதை ஓட்டிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷின் நின்றது.

நான் 'எதிர்பாராத மழையால்' என்று அடித்தேன். மனுவில் அப்படித்தான் எழுதுவார்கள், அதுதான் வழக்கம். படித்துக் காட்டினேன். தலையாட்டினார். கைநாட்டு இல்லை, கையெழுத்தே போட்டார், ஒவ்வோர் எழுத்தாக. திங்களும் செவ்வாயும் பூஜை விடுமுறை என்பதால் புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு பூங்கோதை, "எதிர்பாராததா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த தாளை வைத்தாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

மச்சான் உப்பளத்துக்குப் போனேன். அவர் காலில் விழுவது வரை யோசித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் பாத்திகள் ஏரிபோல் நிரம்பிக் கிடந்தன.

அவருடைய குவியல்கள் அத்தனையும் கீற்று வேய்ந்து, மேலே தார்ப்பாய் கட்டி, வீடுபோல் நின்றன. ஒரு பிடி போகவில்லை.

"வா மாப்ள. டீ சாப்புடு."

"மச்சான், மூடிட்டீங்களா?"

"செவ்வாக்கிழம சாயந்தரமே. தங்கச்சி போன் பண்ணுச்சுல்ல. 'அவரு கணக்குல நம்ம பக்கம் செவப்பா வந்திருக்குண்ணே, இன்னும் போடல, நீங்க மூடிடுங்க'ன்னுச்சு. அப்புறம் நீ புதன்கிழம வேற மாதிரிப் போட்ட. ஆளுங்க பிரிக்கலாமான்னு கேட்டானுங்க. போட்ட கீத்த எதுக்குடா பிரிக்கிறீங்க, கெடக்கட்டும்னுட்டேன்." டீயை ஆற்றினார். "உன்னாலதான் தப்பிச்சேன் மாப்ள. எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

நன்றி சொல்கிறவரிடம் என்ன சொல்வது? டீயைக் குடித்தேன். நிம்மதியா, அவமானமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

வீட்டுக்கு வந்து பூங்கோதையிடம், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. என்ன நம்பலயா நீ?" என்றேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கிழம வந்ததும் உங்க கணக்குதானே. அதத்தான் நம்புனேன்."

17ஆம் தேதி எழுதாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். அன்று 3.9இல் வந்த எண் 76. ரத்னவேல் சொன்னதும் அதுதான் என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் 7 வந்தபோது சந்தேகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 13ஆம் தேதி நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆறு நிமிடம் இருந்தது. அந்த ஆறு நிமிடமும் பதிவை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. பூங்கோதை கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். இன்று அதைத் தொடக்கூடாது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீரசுந்தரி அக்காவின் உப்பளத்துக்குப் போனேன். அம்மாவும் மகளும் பாத்தியில் நின்ற தண்ணீரை எண்ணெய்த் தகரத்தால் வாய்க்காலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றுகொண்டே சொன்னேன். கம்ப்யூட்டரை அளவுக்கு மீறி வேகமாக ஓட்டியது, அது தப்பாகக் கணக்குப் போடும் என்று தெரிந்தும் ஓட்டியது, முதல் நாள் சரியாக வந்ததைப் போடாமல் விட்டது, எல்லாம். பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்திருக்காது.

"மிஷினு தப்பாச் சொல்லிடுச்சா?"

"இல்லக்கா. நான்."

தகரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதுக்குத் தம்பி வேகமா ஓட்டுனீங்க?"

நாகப்பட்டினத்தில் ஒருவர் இரண்டு மணிக்குப் போடுகிறார் என்றேன். வெயிலில், முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நிற்கிறவரிடம் அதைச் சொன்னபோது, அது என்ன காரணம் என்று எனக்கே விளங்கவில்லை.

மகள், "அம்மா, தண்ணி உள்ள வருது" என்றாள்.

"மனுவ மாத்தி அடிச்சுத் தர்றேன்க்கா. எதிர்பாராத மழைன்னு இருக்கறத எடுத்துட்டு, என் பேரப் போட்டு..."

"அத எடுத்தா நிவாரணம் குடுப்பாங்களா?"

தெரியவில்லை என்றேன். கொடுக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றியது.

"அப்ப அது அப்படியே கெடக்கட்டும்." தகரத்தை எடுத்தார். "எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனா பத்தாது தம்பி. போன்ல நீங்க போட்டதப் பாத்துட்டு மூடாமப் போனவங்க இந்தக் கரையிலயே பதினோரு பேரு. நீங்க எதுல சொன்னீங்களோ அதுலயே சொல்லுங்க."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தண்ணீர் இறைக்க ஒரு கை கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், துணி கெட்டுவிடும் என்றார்.

அக்டோபர் 24, செவ்வாய்

பூஜை முடிந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் வேலையாகப் பதிவு. முதலில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். கரண்டு, சதுரங்கள், வோல்டேஜ், கட்டங்கள் என்று எல்லாம் இருந்தது. பூங்கோதை படித்துவிட்டு, "இதப் படிச்சா உங்க மேல பாவமாத்தான் இருக்கு" என்றாள். அழித்தேன். கடைசியில் போட்டது:

'18ஆம் தேதி நான் சொன்ன கணிப்பு தவறு. 17ஆம் தேதி எனக்கு 76 மில்லிமீட்டர் என்று வந்தது. அதை உங்களுக்குச் சொல்லவில்லை. முந்திக்கொள்வதற்காகக் கம்ப்யூட்டரை அதன் எல்லைக்கு மேல் ஓட்டினேன். அது தவறும் என்று எனக்குத் தெரியும். இயற்கையைக் குறை சொல்ல வேண்டாம்.'

ஆறுதல் எழுதிய அதே ஆட்கள் இப்போது வேறு மாதிரி எழுதினார்கள். ஒருவர் தன் குவியலின் படத்தைப் போட்டு என் பெயரை மட்டும் கீழே எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் இரண்டாயிரம் பேர் விலகிவிட்டார்கள். திருமேனி மச்சான் போன் செய்து, "எதுக்கு மாப்ள இது, ஊருல உன்னப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டிருந்தேனே" என்றார். குரலில் கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை.

ஹாஜா பாய் மட்டும் ஒரு வரி அனுப்பினார்: 'நோட்டு போடச் சொன்னது இதுக்குத்தாண்ணே.'

அக்டோபர் 26, வியாழன்

காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"நான் ரத்னவேலுங்க, நாகப்பட்டினம். கீழைக்காற்று."

வணக்கம் என்றேன்.

"உங்க பதிவப் படிச்சேன். ஒண்ணு கேக்கலாமா? நெஜமாவே நீங்க வீட்லயே கம்ப்யூட்டர்ல கணக்கு ஓட்டுறீங்களா?"

"ஆமா. நீங்க எதுல ஓட்டுறீங்க?"

"நான் எங்கங்க ஓட்டுறேன்? எங்கிட்ட கம்ப்யூட்டரே கெடையாது. வெளிநாட்டு வெப்சைட்டுங்க நாலஞ்சுல படம் வரும்ல, அதப் பாப்பேன். வானொலியில சொல்றதயும் கேட்டுக்குவேன். போன்லயே எழுதிப் போட்டுடுவேன். எனக்குப் பாத்திரக் கடைங்க, பெரிய கடைத்தெருவுல."

"அப்ப... ரெண்டு மணின்னு தெனமும் கரெக்டா..."

"சாப்பாட்டுக்குக் கடைய சாத்துற நேரம்ங்க அது. அப்பத்தான் கையும் காலும் ஓயும்." பிறகு, "நீங்க செய்யறது பெரிய வேலைங்க. விட்டுடாதீங்க" என்றார்.

போனை வைத்தேன். யார் என்று பூங்கோதை கேட்டாள்.

"பாத்திரக் கடைக்காரர்."

"நாம ஒண்ணும் வாங்கலயே?" என்றாள். சிரிப்பு வந்தது. அது நிற்காமல் வந்தபோது எனக்கே பயமாக இருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

3.6. சூடு 64. நேரம் 4.35. வேதாரண்யம் 19, அகஸ்தியம்பள்ளி 23. போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு முறை வந்த எண்ணை இனி நான் எப்படிப் போடுவேன்? மறுபடி ஓட விட்டேன்.

மூன்றரைக்கு வீரசுந்தரி அக்கா போன் செய்தார். மனுவைப் பற்றி என்று நினைத்தேன்.

"என்னா தம்பி, இன்னிக்கு ஒண்ணும் போடல?"

அவர் இன்னும் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு தடவை வந்தது 23 என்றும், இன்னொரு தடவை ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழு மணிக்கு மேல்தான் தெரியும் என்றும் சொன்னேன்.

"கரைஞ்சது போக மிஞ்சுனத வாரிக் குவிச்சிருக்கோம். அப்ப நான் இப்பவே மூடிடுறேன்" என்று வைத்துவிட்டார்.